இரண்டு சுண்டெலிகள், இரண்டு கேள்விகள்

எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லைச் செலுத்தியதும் சுண்டெலியின் கல்லீரல் தேறிவிட்டது என்று ஓர் ஆய்வு சொன்னால், நான் முதலில் தேடுவது அந்தக் கல்லீரல் எப்படிக் கெட்டது என்பதைத்தான். நஞ்சு கொடுத்துக் கெடுத்தார்களா, பிறவிக் குறையா? முதல் வகைச் சுண்டெலி, ‘கல்லீரல் தேறியதா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். இரண்டாவது வகை, ‘தேற்றியது யார்?’ என்பதற்குச் சொல்லும். ஒன்றின் பதிலை மற்றதற்கு உரியதாக எடுத்துக்கொண்டால் நோயாளிக்கு வீண் நம்பிக்கைதான் மிஞ்சும்.

நஞ்சு முறையில் அதிகம் பயன்படுவது கார்பன் டெட்ராகுளோரைடு. எண்ணெயில் கலந்து, பெரும்பாலும் வாரம் இருமுறை வயிற்றறைக்குள் ஊசியாகப் போடுவார்கள். கல்லீரல் செல்லில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கும்போது உண்டாகும் வீரியமான துண்டு, செல்லின் சவ்வைச் சிதைக்கிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் நார்த்தழும்பு படரும். செலவு குறைவு, செய்முறையும் எளிது. ஆனால் ஊசியை நிறுத்தினால் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தழும்பு கரையத் தொடங்கிவிடும். 1998இல் ஜான் அயர்டேல் குழு இதை எலிகளில் காட்டியது. நான்கு வாரம் நஞ்சு கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரத்தில் கல்லீரல் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது. தழும்பை உண்டாக்கிய செல்கள் தாமாகவே மடிந்துபோயின.

அதனால்தான் ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழகத்தில் இசாவோ சகைடா குழு 2004இல் வெளியிட்ட ஆய்வை நான் மதிக்கிறேன். மஜ்ஜை செல்களைச் செலுத்திய பிறகும் அவர்கள் நஞ்சை நிறுத்தவில்லை. அப்படியிருந்தும் தழும்பு குறைந்தது, சுண்டெலிகள் கூடுதலாகப் பிழைத்தன. பச்சையாக ஒளிரும் புரதத்தால் அடையாளமிட்ட அந்தச் செல்கள், தழும்பை அரிக்கும் எம்.எம்.பி.-9 என்ற நொதியைச் சுரந்தது தெரிந்தது. வந்த செல் கல்லீரல் செல்லாக மாறித்தான் உதவ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மாறுகிறதா, இல்லையா என்பதைக் கறாராகக் கேட்கும் விலங்கு மற்றது. அமெரிக்காவில் மார்கஸ் கிரோம்பே 1990களில் உருவாக்கிய எஃப்.ஏ.எச். மரபணு இல்லாத சுண்டெலி அது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் கடைசி நொதி அதற்கு இல்லை. நச்சு செல்லுக்குள்ளேயே தேங்கும். குழந்தைகளுக்கு வரும் முதல்வகை டைரோசினீமியாவும் இதே குறைதான். களைக்கொல்லி ஆய்விலிருந்து வந்த நிட்டிசினோன் என்ற மருந்தைக் கொடுத்தால் சுண்டெலி வாழும், நிறுத்தினால் கல்லீரல் செயலிழக்கும். சரியான மரபணு உள்ள செல் புகுந்து பெருகினால் மட்டுமே பிழைக்கும். நொதியைச் சுரந்து பக்கத்திலிருந்து உதவுவது இங்கே போதாது.

2000இல் எரிக் லகாஸ் குழு, மஜ்ஜையின் இரத்த ஸ்டெம் செல்கள் இந்தச் சுண்டெலிகளைக் காப்பாற்றியதாக அறிவித்தது. இரத்தச் செல் கல்லீரல் செல்லாக மாறுகிறது என்று பலரும் பூரித்தார்கள். மூன்றாண்டுகளில் கிரோம்பே குழுவே அந்தப் பூரிப்பைத் திருத்தியது. பெண் சுண்டெலியின் மஜ்ஜையை ஆணுக்குச் செலுத்தி, அதிலிருந்து வந்த கல்லீரல் செல்களின் குரோமோசோம்களை எண்ணினார்கள். சுண்டெலிக்கு வழக்கமாக 40. இங்கே பல செல்களில் இருந்தவை 80. அவற்றில் எக்ஸ் மூன்று, ஒய் ஒன்று. வந்த செல் மாறியிருந்தால் ஒய் இருந்திருக்காது. அது உள்ளூர்ச் செல்லோடு இணைந்து ஒன்றாகியிருந்தது. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவான சான்றை நான் அதிகம் கண்டதில்லை. நஞ்சூட்டிய சுண்டெலியில் தழும்பு குறைந்ததை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இது ஒருபோதும் வெளிப்பட்டிருக்காது.

இந்தச் சுண்டெலிக்கும் குறை உண்டு. சுற்றிலும் எல்லாச் செல்களும் மடியும்போது, வந்த ஒரு நல்ல செல்லுக்குக் கல்லீரல் முழுவதும் காலி இடம். ஆண்டுக்கணக்கான மதுவாலோ ஹெபடைடிஸாலோ இறுகிப்போன கல்லீரலில் அந்த வசதி எந்த வெளிச்செல்லுக்கும் கிடைப்பதில்லை. நஞ்சு முறையும் வாரக்கணக்கு இளந்தழும்பைத்தான் காட்டுகிறது. பிரிட்டனில் இப்படிக் கல்லீரல் இறுகிப்போன 81 சிரோசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ரியலிஸ்டிக் என்ற சோதனையில், மஜ்ஜை ஸ்டெம் செல்களைத் திரும்பத் திரும்பச் செலுத்தியும் கல்லீரல் செயல்பாடு மேம்படவில்லை. சுண்டெலியில் பலித்த ஒன்று மனிதரிடம் பலிக்காமல் போனதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம் உண்டு.

அதற்காக நஞ்சு முறையை ஒதுக்கிவிட முடியாது. எடின்பரோவில் ஸ்டூவர்ட் ஃபோர்ப்ஸ் குழு, வந்த செல் கல்லீரல் செல்லாக மாற வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிட்டு, தழும்பை அரிக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களை நஞ்சூட்டிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தது. 2011இல் வந்த அந்த முடிவைத் தொடர்ந்து, சிரோசிஸ் நோயாளிகள் 9 பேருக்கு அவரவர் இரத்தத்திலிருந்தே வளர்த்த மேக்ரோஃபேஜ்களைச் செலுத்தினார்கள். பெரிய பக்கவிளைவு இல்லை என்று 2019இல் அறிவித்தார்கள். பலன் உண்டா என்று சொல்ல 9 பேர் போதாது. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை.