யாரும் ஜெயிக்காத கோப்பை



வட அமெரிக்காவின் தேசிய ஐஸ் ஹாக்கி லீக்குக்கு 1918-19 இரண்டாவது சீசன். ஆடியவை மூன்றே அணிகள். அதிலும் டொராண்டோ பாதியிலேயே விலகிக்கொண்டது. மீதி இருந்த ஒட்டாவாவை வென்ற மாண்ட்ரியால் கனேடியன்ஸ், ஸ்டான்லி கோப்பைக்காக ரயிலேறிக் கண்டத்தைக் கடந்து சியாட்டிலுக்குப் போனது. அங்கே எதிரணி, மேற்குக் கரை லீக்கை வென்ற சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ்.

ஐந்து ஆட்டங்கள் முடிந்தன. ஆளுக்கு இரண்டு வெற்றி. ஒன்று, கூடுதல் நேரம் ஆடியும் கோலே விழாமல் சமன். ஆறாவது ஆட்டம் 1919 ஏப்ரல் 1. அதற்குள், உலகெங்கும் கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட அந்த விஷக்காய்ச்சல் மாண்ட்ரியால் வீரர்களைப் படுக்கையில் தள்ளிவிட்டது. களமிறங்கப் போதிய ஆள் இல்லை. ஆட்டம் ரத்து.

"கோப்பையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது மாண்ட்ரியால் தரப்பு. விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் சியாட்டில் பயிற்சியாளர் பீட் மல்டூன் மறுத்துவிட்டார். நோயில் விழுந்தவர்களிடமிருந்து வாங்குவது வெற்றியாகாது என்பது அவர் கணக்கு.

நான்கே நாளில், ஏப்ரல் 5 அன்று, மாண்ட்ரியால் வீரர் ஜோ ஹால் சியாட்டிலிலேயே இறந்துபோனார்.

பின்னாளில் கோப்பையில் இரண்டு அணிகளின் பெயரையும் சேர்த்தே பொறித்து, தொடர் முடிவடையவில்லை என்று எழுதினார்கள்.

1919-இல் கோப்பையை வென்றவர் யார் என்று பரீட்சையில் கேட்டால், 'யாருமில்லை' என்பதே சரியான விடை. மல்டூனுக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் போடுவேன். நீங்கள்?