பனிக்குக் காத்திருக்கும் அவரை

போன வருஷம் ஆடி மாசம் மொட்டைமாடியில் மூன்று விதை போட்டேன். ஒன்று, ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எங்களுக்கு மீன் கொடுக்கும் ஆயா தன் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்துத் தந்த பந்தல் அவரை. இன்னொன்று, விதைக் கடையில் வாங்கிய குத்து அவரை. மூன்றாவது, கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த கொடி பீன்ஸ். கொடி ஏற, குப்பத்தில் கழித்துப் போட்ட பழைய நைலான் வலையைக் கட்டினேன். கடலோர வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் எது தாங்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

குத்து அவரை புரட்டாசியிலேயே காய் கொடுத்தது. பீன்ஸ் நன்றாகப் படர்ந்தது; ஆனால் பூவெல்லாம் வெக்கையில் உதிர்ந்துபோனது. ஆயாவின் அவரையோ ஐப்பசி வந்தும் வெறும் இலை. எரு, தண்ணீர், பூச்சி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ப்ரோகிராமில் பக் தேடுகிற பழக்கம். கடைசியில், பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்து ஆயாவிடம் சொன்னேன்.

"இன்னா அவசரம் தம்பி? பனி வுழட்டும். ஆடில போட்டாலும் ஆவணில போட்டாலும் அது பனியிலதான் பூக்கும்."

சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் குறுந்தொகையில் 82ஆம் பாட்டு கண்ணில் பட்டது. தலைவன் திரும்பி வராத பருவத்தைச் சொல்ல அந்தப் புலவர் காட்டும் அடையாளம் இதுதான்: தினை அறுத்த தாளில் படர்ந்த அவரை பூக்கும் முன்பனிக்காலம். கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டும் ஆயாவும் ஒரே தேதியைச் சொல்கிறார்கள்!

இதற்கான காரணத்தை விஞ்ஞானம் கண்டுபிடித்து நூறு வருஷம்தான் ஆகிறது. அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்று இருவர். அவர்களிடம் ஒரு சோயா ரகம் இருந்தது. அதை எப்போது விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தது. வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். கடைசியில் 1918 கோடையில், சாயங்காலமே செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பார்த்தார்கள். உடனே மொட்டு விட ஆரம்பித்தது. செடி பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது என்று 1920இல் வெளியிட்டார்கள். 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் இன்னொரு படி போனார்கள்: செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையில் வெளிச்சம் படாத இரவை.

சென்னையில் ஆனி மாசப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நமக்குப் பெரிதாகத் தெரியாது. பழைய பந்தல் அவரைக்குத் தெரியும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதன் கணக்கும் இப்போது புரிந்தது. பூக்கும் நாள் மாறாது. ஆடியில் போட்டால் அதற்குள் கொடி பந்தலை நிறைக்க நேரம் கிடைக்கும். தாமதமாகப் போட்டால் சின்னக் கொடியிலேயே பூத்துவிடும், காய் குறையும்.

பீன்ஸ் கதை வேறு. அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பா போய், அங்கே நீளமான கோடைப் பகலிலும் காய்க்கிற விதைகளாகப் பார்த்துப் பார்த்து எடுக்கப்பட்டது. அதனால் இன்றைய ரகங்கள் பெரும்பாலும் இரவின் நீளத்தைக் கண்டுகொள்வதில்லை, குளிர்ச்சியை மட்டும் கேட்கும். இங்கே மலைப்பயிராகவே இருந்துவிட்டது. தமிழில் இன்றுவரை 'பீன்ஸ்' என்றே இருக்கிறது, பாருங்கள்.

குத்து அவரைக்கு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது மனிதர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ' வரிசைக் குத்து அவரைகள் பருவம் பார்க்காமல் காய்க்கும், பந்தலும் வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி. சைதாப்பேட்டையைத் தொட்டு வரும் அதே அடையாறுதான் குப்பத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. வருஷம் முழுக்க அவரைக்காய் கிடைப்பது சின்ன விஷயமில்லை. நான் அதைக் குறை சொல்லவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஆயாவின் கொடி பூத்தது. ஆனால் பாதிதான்! தெருப்பக்கம் தொங்கிய பாதியில் ஒன்றுமில்லை. அங்கே ராத்திரி முழுக்க எல்இடி தெருவிளக்கு. விளக்குக்கு எதிரே பழைய தார்ப்பாயைக் கட்டி மறைத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கமும் மொட்டு வந்தது. தையில் இரண்டு பக்கமும் ஊதா விளிம்போடு பட்டைப் பட்டையாகக் காய்.

என்னை உறுத்துவது இதுதான். இந்த ஊரில் இருட்டு குறைந்துகொண்டே வருகிறது. பழைய விதை வைத்திருப்பவர், 'இது பூக்கலை, விதை கெட்டுப்போச்சு' என்று நினைத்துத் தூக்கிப்போட்டால், அந்த ரகம் அதோடு போச்சு. நானே பிடுங்க இருந்தேன். செடியில் ஒரு குறையும் இல்லை. விளக்கை நான்தான் கவனிக்கவில்லை.

மாசியில் முற்றிய காய்களைக் காயவைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி இரண்டு டப்பாவில் போட்டேன். ஒன்றை ஆயாவிடமே கொடுத்தேன். அவருடைய கொடி மேலும் புதுத் தெருவிளக்கு விழுகிறதாம். இந்த வருஷம் பூவே வரவில்லையாம். அடுத்த ஆடியில் முதல் வேலை, அங்கே ஒரு தார்ப்பாய் கட்டுவது.