குறத்தியின் மலை, கவிராயரின் மேடு

போன மாசம் அப்பா போன் பண்ணினார். "எய்யா, திங்கக்கெழமை லீவு கெடைக்குமா? பத்திரத்துல ஒன் கையெழுத்தும் வேணும்." ஆச்சி காலத்து வயல். ஒன்பது மரக்கா விதைப்பாடு. பிளாட் போடப் போகுது. பெங்களூர்ல இருந்து பஸ் ஏறும்போது பையில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் போட்டுக்கிட்டேன். ஏன்னு கேக்காதீங்க :)

ஸ்கூல்ல படிச்ச குரங்குப் பாட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வந்த குறத்தி தன் மலைப்பெருமை பேசுவாளே, அதுதான். நம்ம ஆளுங்க அதோட நிறுத்திடுறோம். அருவி, சாரல், குரங்கு, முடிஞ்சுது.

எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டு. ஊர் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில, பஸ்ல கண் அசந்தா தாண்டிப் போயிடும். அதாவது மனுஷர் டூரிஸ்ட் இல்லை. அவருக்கு ஆயிரம் வருஷம் முன்னாடி சீர்காழியிலிருந்து வந்த சம்பந்தரும் குற்றாலத்தைப் பாடியிருக்கார், குறும்பலாவுக்குன்னு தனிப் பதிகமே உண்டு. அழகுதான். ஆனா அது வந்து பார்த்தவர் பாட்டு. கவிராயர் வாசல்ல நின்னா தெரியற மலையைப் பாடியவர்.

வித்தியாசம் எங்கே தெரியுதுன்னா, பிற்பாதியில. சிங்கன் பறவை பிடிக்க வர்றான். பறவைங்க வயல்ல இறங்குது. எந்த வயல்? சும்மா 'பசுமையான வயல்'னு இல்லை. பற்று பற்றா, குளம் குளமா பேர் வருது. ஆயிரப்பேரி வருது, தென்காசி வருது. கொத்தித் தின்ன அயிரை, தேளி, ஆரால்னு மீன் பேரு வேற. 'பற்று'ங்கறதைத்தான் நாம இன்னிக்கும் 'பத்து'ன்னு சொல்லுதோம். முதல் பாதியில மலையில விழுற தண்ணிதான் சிற்றாறா ஓடி இந்தக் குளங்களுக்கு வருது. ஒரே தண்ணிக்குத்தான் அந்த மனுஷர் முழு நூலும் எழுதியிருக்கார்னு எனக்குத் தோணுது. தமிழ் வாத்தியார்கள் அடிக்க வரலாம்.

குறத்தி மலைகளைச் சொல்ற விதமும் கவனிக்கணும். கொல்லிமலை தங்கச்சிக்கு, பழனிமலை புருஷனுக்கு, இமயமலை அண்ணனுக்கு, சாமிமலை மாமியாருக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரியே இருக்கும்! சிரிச்சுக்கிட்டே படிக்கலாம், ஆனா அடுத்து நடந்ததைப் பாருங்க. மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1706-1732) இந்த நூலுக்காக கவிராயருக்கு நிலம் மானியமாக் கொடுத்தார். அதுக்கு 'குறவஞ்சி மேடு'ன்னே பேரு. மலையெல்லாம் தன் சொந்தம்னு பாடினவ குறத்தி. பட்டா வாங்கினவர் கவிராயர். நான் அவரைக் குறை சொல்லலை. ஊர்மேல அவருக்கு இருந்த ஆசை நிஜம். பாட்டுக்குக் கூலியா சொந்த ஊர்லயே நிலம் கிடைச்ச புலவர் எத்தனை பேர்? ஆனா சிங்கனும் சிங்கியும் கடைசி வரைக்கும் அடுத்தவன் வயல்ல கண்ணி வைக்கிற ஆட்கள்தான்.

திங்கக்கிழமை பத்திரம் படிச்சாங்க. சர்வே நம்பர், நாலு எல்லை, வடக்கே வாய்க்கால். எங்க ஆச்சி அதை 'பனையடி வயல்'னுதான் சொல்லுவா. அந்தப் பேரு எந்தப் பக்கத்திலயும் இல்லை. அப்பாகிட்ட கேட்டேன்.

"அது நாம வச்ச பேருய்யா. ரிக்கார்டுல எப்படி இருக்கும்?"

கையெழுத்துப் போட்டேன்.

உங்க வீட்டு வயலுக்கு என்ன பேருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. வித்துட்டீங்கன்னாலும் சொல்லுங்க.