லிங்கிச் செட்டித் தெருவும் ஏஐ ஏஜெண்டும்: குறிப்பு தேடிய வரலாறு

ராயபுரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தின் முதுகுப்பக்கம் இருக்கிறது லிங்கிச் செட்டித் தெரு. கப்பல் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்டுகள் புழங்கும் வட்டாரம். இந்தத் தெருவில்தான் 1958-ல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் மறைமலையடிகள் நூலகத்தைத் தொடங்கியது. அடிகள் (1876-1950) பல்லாவரத்தில் சேர்த்து வைத்திருந்த சுமார் 4,000 நூல்கள்தான் அதன் முதல். பின்னாளில் அது எழும்பூர் கன்னிமாரா நூலக வளாகத்துக்கு இடம் மாறிவிட்டது.

அந்த நூல்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. அடிகள் சும்மா படிக்கிறவர் அல்ல. படித்த பக்கங்களின் ஓரத்தில் குறிப்பெழுதி வைப்பார். ஆனால் நூலகக் கேட்லாக் எதைச் சொல்லும்? நூலின் பெயர், ஆசிரியர், பொருள், அவ்வளவுதான். ஓரத்தில் பென்சிலால் எழுதியதை அது சொல்லாது. கேட்லாக்கில் தேடிப் பார்த்துவிட்டு "அடிகள் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை" என்று ஒருவர் முடிவு கட்டினால் அது தப்பான முடிவு. எழுதியிருப்பார்; தேடிய கருவிக்கு அது எட்டவில்லை!

இந்தச் சிக்கலை உலகத்திலேயே ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வேலை பிடிக்கவில்லை, போரடிக்கிறது, பழைய இடத்துக்கே அனுப்புங்கள் என்று போய் நின்றாராம்! லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். போனவர் அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில துண்டுகள்தான், மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மைகள். நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியதிலிருந்து பிறந்ததுதான் 1933-ல் வந்த கோலன் பகுப்பு முறை.

அதைவிட இந்தக் கதைக்கு முக்கியம் அவருடைய சங்கிலி அட்டவணை. நுரையீரல் காசநோய் பற்றி ஒரு நூல் இருக்கிறது. ஒருவர் "காசநோய்" என்று தேடுவார், இன்னொருவர் "நுரையீரல்" என்பார், மூன்றாமவர் "மருத்துவம்" என்பார். பகுப்பு எண்ணின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு அட்டவணைப் பதிவு போட்டுவிட்டால், எந்தச் சொல்லோடு வந்தாலும் மூவரும் போய்ச் சேர வேண்டிய அலமாரிக்கு வழி கிடைத்துவிடும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது. 1955-ல் லண்டனின் பகுப்பாய்வுக் குழுவினர், இனி எல்லாத் தகவல் மீட்புக்கும் இந்த முகப்புப் பகுப்பே அடிப்படையாக வேண்டும் என்று எழுதினார்கள். இங்கே பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தி கிடைப்பதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

இப்போது தேட வருவது மனிதர் மட்டுமல்ல. செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டும் வருகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குறிப்பு தேடும் கருவி ஒன்றைச் சேர்த்தால் அதற்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்ற வடிவம் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். ஏஜெண்ட் கருவிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கிளியரிங் ஏஜெண்ட் பெட்டியைத் திறக்காமல் காகிதத்தை வைத்தே காரியம் பார்க்கிற மாதிரி, அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எப்போது கூப்பிடுவது, எந்தச் சொல்லால் தேடுவது என்று முடிவு செய்கிறது. "குறிப்புகளைத் தேடும்" என்று ஒற்றை வரியில் எழுதி வைத்தால் போதாது. எந்தக் குறிப்புகள்? எந்த ஆண்டு வரை? சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்குமா, பொருளைப் பார்க்குமா? எல்லாவற்றையும்விட, ஒன்றும் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நூலகத்தில் கேட்லாக் கைவிட்டால் மேசையில் இருப்பவரிடம் கேட்கலாம். ரங்கநாதன் அதற்கென்றே ஆள் வைத்தார். ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் அந்த ஆள் கிடையாது.

இதெல்லாம் கம்ப்யூட்டர்க்காரர்கள் கவலை என்று நினைத்தால், திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் வரை போய் வர வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநில அதிகாரிகள் தந்த இன்னொரு வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம் காணாமல் போயிருக்கிறது என்று 2017-ல் சூழல் ஆர்வலர்கள் குற்றம் சாட்டினார்கள். நீர் என்றால் அங்கே கட்டடத்துக்குக் கட்டுப்பாடு. நிலம் என்றால் தொழிற்சாலைக்கு இடம். வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

இந்த இரண்டு வரைபடங்களும் ஒரே தேடுகருவியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "எண்ணூரில் இந்த இடம் நீரா, நிலமா?" என்று ஏஜெண்ட் கேட்கிறது. கருவி ஒன்றை மட்டும் எடுத்து நீட்டினால், ஏஜெண்ட் அதை அப்படியே பதிலாக எழுதிவிடக்கூடும். ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரைபடம் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஆண்டையும் ஒப்புதல் தந்தவர் பெயரையும் சேர்த்துக் கேள் என்ற இரண்டு வரி அந்த விளக்கத்தில் இருந்தால், இரண்டாவது வரைபடமும் வெளியே வர வழி உண்டு.