பெரியாறு சுரங்கக் கால்வாய்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தேக்கடிக்கு அருகே தொடங்கும் பெரியாறு சுரங்கக் கால்வாய், மேற்கே அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை நீர்ப்பிரிமேட்டைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் பாறைக் குடைவழியாகும். நீர்ப்பிரிமேடு என்பது மழைநீரை இருபுறமும் பிரித்தனுப்பும் மலைமுகட்டைக் குறிக்கும். பெரியாற்று நீர் மதுரை வட்டாரத்தை எட்ட இந்த மலையே தடையாக நின்றது.

1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகைக்குப் பின், பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் பணி தொடங்கியது. அணை ஆற்றை மறித்து நீர்மட்டத்தை உயர்த்த, உயர்ந்த நீர் ஏறத்தாழ 5,300 அடி நீளமுள்ள திறந்த வெட்டுவாய்க்காலில் பாய்ந்து, கடும்பாறையில் சுமார் 5,700 அடி தொலைவுக்கு, 12 அடி அகலமும் ஏழரை அடி உயரமுமாகக் குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைகிறது. சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் சேர்ந்த காரையால் எழுப்பப்பட்ட அணையே பெரும்புகழ் பெற்றதாயினும், இந்தக் குடைவழி இல்லையேல் அது வெறும் நீர்த்தேக்கமாகவே நின்றிருக்கும்; இத்திட்டத்தின் உயிர்நாடி சுரங்கமே எனக் கொள்வது தகும். வெள்ளமும் மலைக்காய்ச்சலும் தொழிலாளர் பலரைப் பலிகொண்ட பின்னரே, 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்துவைத்தார்.

சுரங்கத்தை விட்டு வெளியேறும் நீர் வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையை அடைந்து, பேரணைக்குக் கீழே மேலூர் வரையிலான வயல்களுக்குப் பாய்கிறது. 1950-களில் கீழ்முகாம் புனல்மின் நிலையத்துக்காக இச்சுரங்கம் அகலப்படுத்தப்பட்டது.