வலியார் நட்பும் எளியார் வழக்கும்

அருணைமலையின் அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கும், கார்த்திகைத் தீபத்திற்கும் கிரிவலத்திற்கும் வந்து செல்லும் நம் சுற்றத்தாருக்கும் இந்நகரம் ஒரு திருத்தலமாகவே தெரியும். வானளாவிய மதில்களையுடைய நம் ஆலயம் ஒரு காலத்தில் கோட்டையாகவும் பயன்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. 1753ல் முர்தசா அலியின் ஆட்களும் முராரி ராவின் மகாராஷ்டிரக் குதிரைப்படையும் இவ்வூரை முற்றுகையிட்டன. 1757ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1760ல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1767ல் ஊரருகே பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. 1790-91 ஆகிய ஆண்டுகளில் நடந்த யுத்தத்தில் திப்பு சுல்தானின் சேனை வந்து கைப்பற்றியது. இவ்வாறு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் இவ்வூரார் பலமுறை தம் வீடுவாசல்களை விட்டு ஓடவும், ஒளிக்கவும், தண்டம் இறுக்கவும் நேர்ந்தது.

இப்படைகளில் எதற்கேனும் இவ்வூராரோடு பகை இருந்ததா என்றால், இல்லை. இன்னும் ஆழ்ந்து நோக்கினால், அந்த யுத்தங்கள் பலவற்றிற்கு மூலகாரணம் பகையுமன்று. நட்பே என்பது புலனாகும். ஒருவர்க்கொருவர் படைத்துணை தருவதாக உடன்பட்ட அரசர்கள், உடன்பாட்டின் பொருளில் பிணங்கியபோது எழுந்த வழக்குகளே அவை. நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவனார், நட்புக் கொள்ளுமுன் ஆராய்தலை ஏன் அத்துணை வற்புறுத்தினார் என்பதற்கு இவ்வூர்ச் சரித்திரமே உரை. வலியவன் ஒருவன், தன்னைச் சார்ந்து நிற்கும் படைத்துணைவரோடு பிணக்கு நேருங்கால் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதை மூன்று வழக்குகளைக் கொண்டு இங்கே ஆராய்வோம். மூன்றிலும் வலியவர் கிழக்கிந்தியக் கும்பெனியாரே. நிலப்பரப்பில் அவர்கள் அந்நாளில் சிறியவரே. ஆயினும் வலிமை நிலத்தின் அளவால் மட்டும் அமைவதன்று. 'இவரது படையின்றி நாம் நிற்க இயலாது' என்று பிறர் எண்ணும் நிலையே வலிமை.

மைசூரார் வழக்கு

1751ல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்தைக் குறித்து மகமதலிக்கும் சந்தாசாகிபுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. சந்தாசாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மகமதலிக்கு ஆங்கிலேயர் துணை. திரிசிரபுரத்துக் கோட்டைக்குள் அடைபட்டிருந்த மகமதலி, மைசூர் இராஜ்யத்தை நடத்தி வந்த நஞ்சராஜரின் உதவியை நாடினார். துணைக்கு வந்தால் திரிசிரபுரத்தையே கொடுத்துவிடுவதாக இரகசியத்தில் வாக்களித்தார். நஞ்சராஜரும் பெரும்பொருள் செலவிட்டுப் படையொடு வந்தார். 1752ல் சந்தாசாகிபு பிடிபட்டுக் கொலையுண்டார். வெற்றி கிட்டியவுடன் நஞ்சராஜர் தமக்குரியதைக் கேட்டார். நவாபோ, இன்று நாளை என்று தவணை கூறினார். இது தில்லிப் பாதுஷாவின் சொத்தன்றோ என்றார். ஸ்ரீரங்கத் தீவின் வருமானத்தை மட்டும் விட்டுக் கொடுத்தார்.

கும்பெனியார் அப்போது செய்ததே நாம் கவனிக்கத்தக்கது. 'இது உங்களிருவருக்குள் ஆன பேச்சு. இதில் நாங்கள் புகோம்' என்று நடுநிலை பேசினர். ஆனால் திரிசிரபுரத்துக் கோட்டையில் காவலிருந்தவர்கள் அவர்களுடைய சிப்பாய்களே! கோட்டைச் சாவியைத் தம் இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டை யாருடையது என்ற வழக்கில் எமக்குச் சம்பந்தமில்லை என்பது என்ன நடுநிலை? நஞ்சராஜரும் முராரி ராவும் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தனர். 1753ல் இவ்வூர் மதிலைச் சூழ்ந்த முராரி ராவின் குதிரைகள் அந்த மனக்கசப்பின் விளைவாகவே வந்தவை. 1754 இறுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமக்குள் போர் நிறுத்தம் செய்துகொண்டபோதும் நஞ்சராஜரின் வழக்கு தீரவில்லை. 1755ல் அவர் வெறுங்கையுடன் ஊர் திரும்பினார். மைசூர்ப் பொக்கிஷம் வறண்டது. சேனைக்குச் சம்பளம் நின்றது. அந்தச் சேனையில் ஒரு தலைவனாயிருந்து, இவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டு, பின்னர் அந்த இராஜ்யத்தையே தன் கைக்குள் கொண்டவன்தான் ஐதர் அலி.

நிஜாமின் வழக்கு

1765ல் கும்பெனியார் வட சர்க்கார் ஜில்லாக்களைத் தில்லிப் பாதுஷாவிடமிருந்து சாசனமாகப் பெற்றனர். அந்நிலத்தை ஆண்டுகொண்டிருந்த ஐதராபாத்து நிஜாம் அலியை அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் சினந்தார். அவர் சினந்து படையெடுக்கக் கூடியவராதலால், 1766 நவம்பரில் அவரோடு ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. சர்க்கார் நிலத்திற்கு ஆண்டுதோறும் பேஷ்குஷ் செலுத்துவதாகவும், அவர் வேண்டும்போது நியாயமான காரியங்களுக்குப் படை அனுப்புவதாகவும் கும்பெனியார் ஒப்பினர். 'நியாயமான காரியம்' இன்னதென்று தீர்ப்பவர் யாரென்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

அந்த உடன்படிக்கையின்படி 1767ல் கர்னல் ஸ்மித் ஒரு படையுடன் நிஜாமோடு சேர்ந்து மைசூர் மேல் சென்றார். வழியிலேயே நிஜாம் ஐதரோடு இரகசியமாகப் பேசி அவன் பக்கம் மாறிவிட்டார். கூட வந்த நண்பரே எதிரியானது கண்டு ஸ்மித் கணவாய் வழியே பின்வாங்கினார். செப்டம்பர் மாதம் 3ந் தேதி செங்கத்தருகே ஒரு போர் நிகழ்ந்தது. அதில் வென்றும், உணவு இன்மையால் நிற்க மாட்டாமல் ஸ்மித் திருவண்ணாமலைக்கு வந்தார். நவாப் சேர்த்து வைத்திருப்பார் என்று நம்பிய ரஸ்து இங்கும் எதிர்பார்த்தபடி கிட்டவில்லை. பசித்த சேனை ஒன்று ஓர் ஊரில் வந்து இறங்கினால், அவ்வூர்க் களஞ்சியங்களும் கால்நடைகளும் என்னவாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. திரிசிரபுரத்திலிருந்து கர்னல் உட்டின் படையும் வந்து சேர்ந்தபின், அம்மாதக் கடைசி வாரத்தில் இவ்வூர்ப் புறத்தே பெரும்போர் நடந்தது. எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்திருந்த ஐதர், நிஜாம் படைகள் தோற்று, 60க்கு மேற்பட்ட பீரங்கிகளை இழந்து ஓடின.

நம்பிக்கைத் துரோகம் செய்த நிஜாமுக்குக் கும்பெனியார் விதித்த தண்டனை யாது? வடக்கே ஒரு படையை அவர் இராஜ்யத்துக்குள் அனுப்பி அச்சுறுத்தியது மெய்யே. ஆயினும் 1768 பெப்ரவரியில் மறுபடியும் சிநேக உடன்படிக்கையே செய்துகொண்டனர். பேஷ்குஷ் குறைந்ததே தவிர நிற்கவில்லை. காரணம் வெளிப்படை. நிஜாம் விலகினால் ஐதரோடு சேர்வார், மகாராஷ்டிரரோடு சேர்வார். விலகிச் செல்ல வேறு வாயில் உள்ள துணைவனை வலியவன் கடிந்துகொள்வதில்லை, பேரம் பேசுகிறான்.

ஏழரை ரூபாய் உடன்படிக்கை

ஐதர் அலி தோல்வியோடு ஒடுங்கவில்லை. 1769 மார்ச்சு மாதத்தில் மின்னல்போல் தன் குதிரைப்படையைச் சென்னபட்டணத்திற்கு அருகிலுள்ள பறங்கிமலைக்கே கொண்டுவந்து நிறுத்தினான். கவுன்ஸிலார் அஞ்சி ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்படிக்கை எழுதினர். பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பதென்றும், இருவரில் ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் படை அனுப்புவதென்றும் ஏற்பட்டது. அனுப்பும் படைக்கு மாதச் சம்பளம் குதிரைவீரனுக்கும் ஐரோப்பிய வீரனுக்கும் 15 ரூபாய், சிப்பாய்க்கு ஏழரை ரூபாய் என்று அரை ரூபாய் வரை கணக்கிட்டு எழுதினர்.

அடுத்த ஆண்டே மகாராஷ்டிரர் மைசூர் மேல் வந்தனர். 1771ல் மேலுக்கோட்டை அருகே ஐதர் பெருந்தோல்வி அடைந்தான். உடன்படிக்கையைக் காட்டி உதவி கேட்டான்; பொருள் தருவதாகவும் சொன்னான். சென்னைக் கவுன்ஸிலார் மறுக்கவுமில்லை, அனுப்பவுமில்லை. நவாப் வேண்டாமென்றார், இங்கிலாந்து ராஜாவின் பிரதிநிதியாக வந்திருந்த லிண்ட்ஸேயோ மகாராஷ்டிரரோடு சேர வேண்டுமென்றார். இவ்விருவர் பேச்சையும் சாக்காகக் கொண்டு நாட்கள் கழிந்தன. இறுதியில் ஐதர் 1772ல் நிலமும் பொருளும் கொடுத்துத் தன்னைத்தானே காத்துக்கொண்டான். சம்பளத்தின் அரை ரூபாயை மறவாமல் எழுதிய உடன்படிக்கையில், படை வாராவிடில் என்ன செய்வதென்று ஒரு வரியும் இல்லை. ஐதர் இதனை மறக்கவேயில்லை. 1779ல் தன் எச்சரிக்கையையும் மீறி ஆங்கிலேயர் மாஹியைப் பிடித்தபின், 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாகவே எண்பதாயிரத்திற்கு மேற்பட்டதென்று சொல்லப்படும் சேனையுடன் கர்நாடகச் சமவெளியில் இறங்கினான். ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, பஞ்சம் வந்தது. சென்னைக் கவுன்ஸிலார் ஒரு நடவடிக்கையும் எடாமல் கழித்த நாட்களுக்கு வட்டியும் முதலுமாகச் செலுத்தியவர் நம் முன்னோரே.

நவாபின் வழக்கு

மூன்றாவது வழக்கு, கும்பெனியாரை விட்டு ஒருநாளும் பிரியாத நண்பருடையது. நவாப் மகமதலி ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம் அவர்களையே நம்பியிருந்தார். அவருக்காகப் போர் செய்த படையின் செலவு அவர் கணக்கில் எழுதப்பட்டது. 1763ல் செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகக் கொடுத்தார். அதுவும் போதாமல், கும்பெனி உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிக் கும்பெனிக்குக் கட்டினார். கடனுக்கு ஈடாகத் தாலூகாக்களின் வரியை எழுதிக் கொடுத்தார். வரியைத் தண்டியவர்கள் உழவனின் களத்துமேட்டில் நின்று நெல்லை அளந்தார்கள்.

அவரிடம் கும்பெனியார் தவணை கூறவில்லை, பேரமும் பேசவில்லை, கணக்கை மட்டும் நீட்டினர். 1781ல் கர்நாடக வருமானம் முழுவதையும் கும்பெனியிடம் ஒப்படைத்து, ஆறிலொரு பங்கைப் பெற்றார். 1785ல் அது திருப்பிக் கொடுக்கப்பட்டதும், அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் இலண்டன் பார்லிமெண்டில் செல்வாக்குடன் இருந்ததால் நேர்ந்ததென்று எட்மண்டு பர்க் என்னும் பேச்சாளர் அவ்வாண்டே இடித்துரைத்தார். 1792ல் படைச் செலவுக்காக ஆண்டுக்கு 9 இலட்சம் வராகன் விதிக்கப்பட்டது. தவறினால் ஜில்லாக்கள் கும்பெனி வசமாகும். 1795ல் மகமதலி இறந்தார். 1801 ஜூலையில் அவர் மகனும் இறக்க, அம்மாதம் 31ந் தேதி புதிய நவாப் ஆட்சி முழுவதையும் ஒப்புவித்து ஐந்திலொரு பங்கு வருமானத்தோடு அமைந்தார். அன்று தொட்டுத் திருவண்ணாமலையும் கும்பெனிச் சர்க்காருக்கு உட்பட்டது.

இதனால் அறியத்தக்கது

முற்காலத்துக் கிரேக்க நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. கி.மு. 478ல் பாரசீகருக்கு எதிராக ஏதன்ஸ் நகரத்தாரோடு பல தீவினர் கூட்டுச் சேர்ந்தனர். கப்பலும் ஆளும் அனுப்ப மனமில்லாத தீவினர் அதற்கீடாகப் பணம் செலுத்தினர். அப்பணத்தால் ஏதன்ஸின் கப்பற்படை வளர்ந்தது; செலுத்தினோர் போர்ப் பழக்கம் தேய்ந்தது. நக்ஸஸ் தீவினர் கூட்டிலிருந்து விலக முயன்றபோது அந்தக் கப்பற்படையே வந்து அவர்களை அடக்கியது. கி.மு. 454ல் கூட்டுப் பொக்கிஷமும் ஏதன்ஸுக்கே பெயர்ந்தது. நம் நவாப் செய்த பிழையும் அதுவே. தன் காவலைப் பிறன் கையில் கொடுத்துக் கூலி கொடுப்பவன், வழக்கு வரும்போது தன் நியாயத்தைச் சொல்லும் நாவையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறான்.

ஆகவே வலியார், துணைவரின் வழக்கில் நியாயம் எப்பக்கம் என்று முதலில் பார்ப்பதில்லை. இவன் விலகினால் நமக்கு என்ன நேரும் என்றே பார்க்கின்றனர். இடர் தரவல்ல நிஜாமுக்கு மன்னிப்பு. தொலைவிலுள்ள மைசூராருக்குத் தவணை. போக்கிடமில்லாத நவாபுக்குக் கணக்குச் சீட்டு. வலியார்க்கும் இம்முறை இறுதியில் நன்மை பயப்பதன்று. 1752லும் 1771லும் வாக்கைக் காத்திருந்தால், 1780ன் அழிவு அவ்வளவு எளிதில் வந்திராது. ஏமாந்த நண்பனைவிடக் கொடிய பகைவன் இல்லை.

நமது சங்கத்து அன்பர்கள் இராஜ்யம் ஆள்பவரல்லர். எனினும் கூட்டு வியாபாரமும், பாகப் பத்திரமும், கடன் சீட்டும் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அவற்றை எழுதுங்கால் கொடுப்பது இவ்வளவு என்று எழுதுவதோடு அமையாமல், கொடாவிடில் என்ன, பிணக்கு நேர்ந்தால் தீர்ப்பவர் யார் என்பவற்றையும் எழுதி வைத்தல் வேண்டும். செங்கத்துச் சாலையில் செல்லும்போது, அவ்வழியே வந்த சேனைகளை ஒரு கணம் நினைவில் கொள்வோமாக. எழுதாது விட்ட ஒரு வரிக்காக ஒரு நாடே விலை கொடுத்தது என்பதை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வோமாக.