லாக் புத்தகம் தராத புள்ளி

பரீட்சையில் கால்குலேட்டர் அனுமதிக்கலாமா என்ற பேச்சு வந்தாலே, "அந்தக் காலத்துல எல்லாம் மனக்கணக்குதான்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். திண்ணைப் பள்ளிக்கு அது பொருந்தும். எண்சுவடி படித்தவர்களுக்கு முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் நாங்கள் பிளஸ் டூ இயற்பியல் எழுதியபோது கால்குலேட்டருக்குத்தான் தடை. லாக் புத்தகத்துக்கு இல்லை.

லாக் புத்தகமும் ஒரு கருவிதானே? 1614-இல் நேப்பியர் கொடுத்ததே பெருக்கலைக் கூட்டலாக்கும் வழிதான். ஆனால் ஒரு வித்தியாசம். 347-க்கும் 0.00347-க்கும் அதில் ஒரே 5403தான் இருக்கும். புள்ளி எங்கேன்னு நாமதான் முடிவு பண்ணணும். ஸ்லைடு ரூலும் அப்படித்தான். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்திலுள்ள நெய்வேலியில் 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியபோது, பொறியாளர்களின் கருவி அதுதான். சட்டைப்பையில் அடங்கும் முதல் சயின்டிபிக் கால்குலேட்டரான ஹெச்பி-35 வந்ததே 1972-இல். அதுவரை, விடை சுமாரா எவ்வளவு வரும் என்ற கணிப்பு முதலில் தலைக்குள் இருந்தாக வேண்டும்.

கால்குலேட்டர் புள்ளியையும் சேர்த்தே தந்துவிடுகிறது. நாம் இழப்பது பெருக்கலை அல்ல, அந்தக் கணிப்பை.

இன்னொன்று, சமவாய்ப்பு. கேட் தேர்வில் 2016 முதல் சொந்தக் கால்குலேட்டர் கிடையாது. எல்லோருக்கும் திரையிலேயே ஒன்று. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. பள்ளிக் கணக்குத் தேர்வில் வேண்டாம். பொறியியலில் இருக்கட்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி. கூடவே, துல்லியமான விடை கேட்காமல் "சுமார் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கும் கேள்வி ஒன்றாவது வேண்டும்.